ஹேண்டிலைப் பிடிங்க, சார்

ஏரிக்கரைப் பராமரிப்புப் பணிமனையில் அவளைக் குட்டியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்த்தால் ஒரு கணம் முழிப்பார்கள். ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைவு. தகரக் கொட்டகையின் பின்வாசலில் குனிந்துதான் நுழைவாள். அந்தப் பெயர் உருவத்தால் வந்ததல்ல, பார்த்த வேலையால் வந்தது.

பணிமனையில் மூன்று பழைய டீசல் டோசர்கள் இருந்தன. டயருக்குப் பதிலாக இரும்புச் செயினில் ஊர்ந்து போகும் வண்டிகள். கரையை உயர்த்துவதும், தூர்ந்துபோன வாய்க்கால்களில் மண்ணை வழிப்பதும் அவற்றின் வேலை. அந்தக் காலத்து டீசல் இன்ஜினைச் சாவி போட்டுக் கிளப்ப முடியாது. அதன் பக்கவாட்டிலேயே இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். முதலில் அதை ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். அது சூடேறிச் சீராக ஓட ஆரம்பித்ததும் ஒரு லிவரைத் தள்ளினால், பெரிய இன்ஜினைப் பிடித்துச் சுழற்றி எழுப்பிவிடும். பெரியது ஓடத் தொடங்கியதும் சின்னதை நிறுத்திவிடலாம். இந்தச் சின்னதுக்குத்தான் குட்டி இன்ஜின் என்று பெயர். குட்டி எழுந்திருக்காத நாளில் டோசர் வெறும் பத்து டன் இரும்பு.

இவ்வளவு இருந்தும் மெக்கானிக்குகள் யாரும் குட்டியைச் சீந்தவில்லை. தலைமை மெக்கானிக் பெரிய இன்ஜினின் பம்பைப் பிரிக்கும்போது சுற்றி நாலு பேர் நின்று பார்ப்பார்கள். குட்டியின் கார்ப்ரேட்டரைப் பிரித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "இதெல்லாம் ஒரு இன்ஜினா? மருந்தடிக்கிற மெஷின் மாதிரி இருக்கு" என்று தலைமை மெக்கானிக் ஒரு நாள் அதைக் கழற்றி, மூலையில் மண்ணெண்ணெய்த் தொட்டியில் உதிரிபாகம் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் தள்ளிவிட்டார். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வேலையின் பெயர் உதவியாளர். கழுவு, துடை, எடுத்து வை. அவ்வளவுதான்.

அவள் கழுவினாள். கழுவும்போதே எது எதன் மேல் உட்காருகிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். குட்டிக்கெனத் தனி ஆயில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பெரியதற்கு மாற்றுவார்கள், சின்னதை மறந்துவிடுவார்கள். கார்ப்ரேட்டரின் ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் கசிந்து அந்த ஆயிலில் கலந்து, ஆயில் தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தே அவள் அதைக் கண்டுபிடித்தாள். ஆறு மாதத்தில் மூன்று குட்டிகளும் இரண்டாவது சுற்றில் கிளம்பின. இருபத்துமூன்று வருடமாக அப்படித்தான் கிளம்பின. இருபத்துமூன்று வருடமாக அவள் வேலையின் பெயரும் உதவியாளர்தான்.

அதைப் பற்றி அவள் கேட்காமல் இல்லை. வருடத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பாள். "மனு வந்தது, பரிசீலனையில் இருக்கு" என்பார் அலுவலகக் குமாஸ்தா. "இருபத்துமூணு மனுவும் சேர்ந்து பரிசீலனையில இருக்கா, இல்ல ஒண்ணு ஒண்ணாவா?" என்று கேட்டுவிட்டு வருவாள்.

ஆபரேட்டர்களில் ஒருவனுக்குச் சோடா என்று பெயர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் விட்டான். விட்டது விட்டதுதான், பதினோரு வருடமாகத் தொடவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று எப்போதும் ஒரு சோடா பாட்டிலோடு அலைந்ததால் அந்தப் பெயர். குட்டியக்காவுக்கும் அவனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குட்டியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை அடைத்து, கார்ப்ரேட்டரில் மிச்சம் உள்ளது எரிந்து தீர்ந்து தானாக நிற்கும்படி விட வேண்டும் என்பது அவள் சட்டம். இல்லாவிட்டால் மிச்சப் பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஊசி ஒட்டிக்கொள்ளும். சோடா அவசரக்காரன். சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டுப் போய்விடுவான். நாலு பேர் முன்னால் அவள் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "கழுவ வந்தவ எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றா" என்று அவனும் பதிலுக்குச் சொல்லிவிட்டான். அன்றோடு முடிந்தது.

அந்த வருடம் மழைக்கு முன்னால் கரை வேலையை முடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி. புதிதாக வந்திருந்த சைட் இன்ஜினியருக்கு எல்லாவற்றையும் வெளியே கொடுத்துச் செய்வதில்தான் நம்பிக்கை. இரண்டாம் நம்பர் டோசரின் குட்டியிலிருந்து மேக்னெட்டோவைக் கழற்றி, டவுனில் ஒரு பட்டறைக்கு சர்வீசுக்கு அனுப்பினார். பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பெட்டிதான் மேக்னெட்டோ.

"அதுல ஒண்ணும் கோளாறு இல்ல சார்" என்றாள் குட்டியக்கா.

"உன்னைக் கேட்டேனா?" என்றார் அவர்.

ஒரு வாரத்தில் மேக்னெட்டோ பளபளவென்று பெயிண்ட் அடித்துத் திரும்பி வந்தது. மாட்டியதும், அவள் வழக்கம்போல பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். மெதுவாகச் சுற்றும்போது மேக்னெட்டோவுக்குள் இருக்கும் இரண்டு சின்னக் கொக்கிகள் விழுந்து பிடித்து, ஸ்பிரிங்கை இழுத்து, 'டக்'கென்று விட வேண்டும். அப்படி விட்டால்தான் தீப்பொறி கொஞ்சம் தாமதமாக, சரியான நேரத்துக்கு வரும். கொக்கி விழாவிட்டால் தீப்பொறி முந்திக்கொள்ளும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் வெடித்து, இன்ஜின் பின்பக்கமாகத் திருப்பி உதைக்கும். அந்த உதை அத்தனையும் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கைக்கு வரும்.

அவள் நாலு தடவை சுற்றினாள். டக் வரவில்லை.

"இதைத் திறந்து பார்க்கணும் சார்."

"சர்வீஸ் ஆகி வந்த சாமான். நீ எதுக்குத் திறக்கணும்? அப்புறம் ஏதாவது ஆனா அவங்க உன்னைக் கை காட்டுவாங்க."

அவள் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, 'சுற்றாதே. கை போகும்' என்று பெரிதாக எழுதி, தேதி போட்டு, ஹேண்டில் மாட்டும் இடத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் காலை அவளை மூன்றாம் நம்பர் டோசரைப் பார்க்கக் கரையின் அடுத்த கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் போன அரை மணி நேரத்தில் இன்ஜினியர் அந்த அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, சோடாவை வண்டி எடுக்கச் சொன்னார்.

முதல் சுற்றிலேயே உதைத்தது. முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்து நின்றது.

சேதி கேட்டு அவள் ஓடி வருவதற்குள் சோடாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். மண்ணில் ஹேண்டில் கிடந்தது. இன்ஜினியர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பழைய குடிகாரன் சார். கை நடுங்கியிருக்கு, பிடி சரியில்ல. ஆமா சார், மெஷின்ல ஒண்ணும் இல்ல, இப்பதான் சர்வீஸ் ஆகி வந்தது." பேசி முடித்ததும் தலைமை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "எதுக்கும் அந்த மேக்னெட்டோவைக் கழட்டி மறுபடி அந்தப் பட்டறைக்கே அனுப்பிடுங்க" என்றார்.

அப்போதுதான் குட்டியக்காவுக்குச் சுருக்கென்றது. அதுவரை அவளுக்குக் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. இப்போது காது மடல் சூடாகியது. மெஷினையும் மாற்றிவிடுவார்கள், பழியையும் கட்டிவிடுவார்கள்.

அவள் கொட்டகைக்குள் போய், குறி போடுவதற்கு வைத்திருக்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தாள். மேக்னெட்டோவின் போல்ட் தலைகள், மூடி சேரும் விளிம்பு, ஒயர் செருகும் இடம் எல்லாவற்றிலும் தடிமனாகப் பூசினாள். பெயிண்ட் காய்வதற்குள், அங்கே நின்ற மூன்று ஆபரேட்டர்களைக் கூப்பிட்டாள்.

"ஆளுக்கு ஒரு போல்ட்டு. கட்டைவிரலை வைங்க."

"எதுக்கக்கா?"

"யாராவது ஸ்பேனர் வெச்சா உங்க ரேகை கெட்டுப்போகும். கெட்டுப்போனா யாரு தொட்டாங்கன்னு நாம கேக்கலாம்."

ஒருவன் தயங்கினான். மற்ற இருவரும் வைத்தார்கள். பிறகு அவனும் வைத்தான். நாலாவது போல்ட்டில் தன் விரலை அழுத்தினாள். இன்ஜினியர் பார்த்துக்கொண்டே நின்றார். ஊழியர்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றதால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வீட்டில் அவள் கணவர் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். முன்னறை முழுக்கத் துணிதான். நடக்க ஒரு அடி வழி. அவர் தையல்காரர். எதையும் அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பிறகுதான் வெட்டுவார். அவள் விரலில் சிவப்பைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"என்ன ரத்தமா?"

"பெயிண்ட்டு." நடந்ததைச் சொன்னாள்.

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "ரெண்டு வருஷமா அவன் உன்னோட மூஞ்சி கொடுத்துப் பேசல. அவனுக்காக நீ ஏன் வம்பை விலைக்கு வாங்கறே?"

"அவனுக்காக யாரு போனா? இன்ஜின்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க. அந்த இன்ஜின் என்னது. ஒண்ணும் இல்லாம அது யாரையும் உதைக்காது."

"விசாரணை வந்தா உன்னையும் சேர்த்து இழுப்பாங்க."

"இழுக்கட்டும். என்னை இழுக்கறது அவ்வளவு லேசா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது சரி, உன்னை இழுக்க டோசர்தான் வேணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவள் கேட்காமலே, மண்ணெண்ணெய் துணியில் நனைத்து அவள் விரலைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோடா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் மனைவி எழுந்து ஸ்டூலைக் காலி செய்தாள். "நான் குடிச்சேன்னு எழுதறாங்களாம்" என்றான் அவன், திரும்பாமலே. "பதினோரு வருஷம். இவ கூட ஒரு நிமிஷம் என் வாயை மோந்து பாத்தா."

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அட்டையைப் பாத்தியா இல்லியா?" என்று கேட்டாள் குட்டியக்கா.

"பாத்தேன். அக்கா சுத்தாதேன்னு எழுதியிருக்காங்கன்னு இன்ஜினியர்கிட்ட சொன்னேன். நீ என்கிட்ட வேலை பாக்கறியா, அவகிட்டயான்னு கேட்டாரு." அவன் இப்போது திரும்பினான். "உன் மேல இருந்த கடுப்புல நானும் சுத்திட்டேன். அதுதான் உண்மை."

"அதையும் விசாரணையில சொல்லு."

"சொன்னா எனக்குத்தானே கேடு?"

"பாதி உண்மை சொன்னா மீதியை அவங்க எழுதிக்குவாங்க. முழுசா சொல்லு."

பதினோராம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, கனமான கண்ணாடி போட்ட மனிதர், முதுகுவலிக்காகத் தன் சொந்த மெத்தையை நாற்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொட்டகைக்குள் ஒரு மேஜை. எதிரே இரண்டாம் நம்பர் டோசர். போல்ட்டுகளில் நாலு ரேகைகளும் அப்படியே இருந்தன.

இன்ஜினியர் கோர்வையாகப் பேசினார். தலைமை மெக்கானிக், "எனக்குப் பெரிய இன்ஜின்தான் சார், சின்னதைப் பத்தி எனக்குத் தெரியாது" என்று கையைக் கழுவினார். சோடா கட்டுப் போட்ட கையோடு வந்து, கடுப்பில் சுற்றியதையும் மறைக்காமல் சொன்னான். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு குட்டியக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க உதவியாளர்தானே? டெக்னிக்கலா சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?"

"எழுத்துல ஒண்ணும் இல்ல சார். காது இருக்கு. உங்களுக்கும் இருக்கு. ரெண்டு நிமிஷம் கேளுங்க."

பக்கத்தில் நின்ற ஒன்றாம் நம்பர் டோசரில் ஹேண்டிலைச் செருகி, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றினாள். டக். இன்னொரு சுற்று. டக். அதிகாரி தலையை நிமிர்த்தினார். இரண்டாம் நம்பருக்கு வந்தாள். அதே மாதிரி சுற்றினாள். ஒன்றும் இல்லை. எட்டுச் சுற்றுச் சுற்றினாள். தகரத்தின் மேல் காக்கை நடக்கும் சத்தம்தான் கேட்டது.

"அந்தச் சத்தம் வராத வண்டியை யாரு சுத்தினாலும் உதைக்கும் சார். குடிச்சவனையும் உதைக்கும். குடிக்காதவனையும் உதைக்கும்."

இன்ஜினியர் சிரித்தார். "சத்தம் வந்தா என்ன, வராட்டி என்ன? பிடிக்கற மாதிரி பிடிச்சா ஒண்ணும் ஆகாது. மெஷின் நல்லாத்தான் இருக்கு. தப்பு ஆளு மேல."

குட்டியக்கா பிளக் ஒயர் இரண்டையும் மாட்டினாள். பெட்ரோல் குழாயைத் திறந்தாள். சோக்கை இழுத்தாள். சுவிட்சைப் போட்டாள். ஹேண்டிலைத் துணியால் துடைத்து, செருகி, ஒதுங்கி நின்றாள்.

"ஹேண்டிலைப் பிடிங்க, சார்."

"என்ன?"

"மெஷின் நல்லா இருக்குன்னு சொல்றீங்க. உங்களுக்குக் கை நடுங்காது. பிடிக்கற விதமும் தெரியும். ஒரே ஒரு சுத்து. கிளம்பிடுச்சுன்னா தப்பு சோடா மேலதான், நானும் கையெழுத்துப் போடறேன்."

இன்ஜினியரின் முகத்தில் ஈயாடவில்லை. "இதெல்லாம் என் வேலை இல்ல."

"சரி." அவள் தலைமை மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நீங்களே சுத்திக் காட்டலாமே" என்றார் அதிகாரி.

"நான் சுத்த மாட்டேன் சார். சுத்தாதேன்னு எழுதினதே நான்தான்."

சுற்றி நின்ற இருபது பேரும் அந்த ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி நாற்காலியை விட்டு மெல்ல எழுந்து வந்தார். ஹேண்டிலின் அருகே வரை கையைக் கொண்டுபோனார். கொஞ்சம் யோசித்தார். கையைப் பின்னுக்கு எடுத்துச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார்.

"திறங்க" என்றார்.

அவள் சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, ஒயரைக் கழற்றினாள். மூன்று ஆபரேட்டர்களும் வந்து தங்கள் ரேகையைப் பார்த்துத் தலையாட்டியபின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தாள். மூடி திறந்ததும், உள்ளே மஞ்சள் கிரீஸ் சேறு மாதிரி அடைந்துகிடந்தது. ஒரு சொட்டு மெல்லிய ஆயில் போதும் என்கிற இடத்தில் கையால் அள்ளி அப்பியிருந்தார்கள். அதிகாரி பேனா மூடியால் ஒரு கொக்கியைத் தள்ளினார். அது நகர்ந்த இடத்திலேயே நின்றது. இன்னொன்றைத் தள்ளினார். அதுவும் நின்றது. அவள் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காட்டினாள். கொக்கிகள் தாமாக விழுந்தன.

"அட்டை எங்கே?" என்று கேட்டார் அதிகாரி.

"பிய்ச்சுப் போட்டதுக்கு அப்புறம் காணோம் சார். அட்டை போனா போகட்டும். மெஷின் இங்கதானே இருக்கு."

இயந்திரக் கோளாறு என்று அறிக்கை வந்தது. எச்சரிக்கையை மீறி வண்டியை எடுக்கச் சொன்னதாக இன்ஜினியர் பெயரும் அதில் இருந்தது. சோடாவின் மருத்துவச் செலவையும் விடுப்பையும் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவன் கை கூடிவர ஐந்து மாதம் ஆயிற்று. மணிக்கட்டு முன்போல மடங்கவில்லை. ஆனால் குடித்தான் என்ற வார்த்தை எந்தக் காகிதத்திலும் இல்லை. அவன் மனைவி அந்த அறிக்கையின் நகலைப் பீரோவில் கல்யாணப் போட்டோவோடு வைத்துப் பூட்டினாள்.

குட்டியக்காவுக்கும் ஒரு காகிதம் வந்தது. விசாரணையின்போது மேலதிகாரியை ஆபத்தான செயலுக்குத் தூண்டியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. கணவர் அதை இரண்டு தடவை படித்தார். "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடு, முடிஞ்சிடும்" என்றார். அவள் ரெண்டு வரிதான் எழுதினாள். 'ஹேண்டிலைச் சுற்றும்படி நான் சைட் இன்ஜினியரிடம் சொன்னது உண்மை. அவர் சுற்றாததும் உண்மை.' கீழே கையெழுத்து.

அந்தப் பதிலைப் படித்த கையோடு அவளைப் பணிமனையிலிருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டார்கள். மண்வெட்டிக் காம்புகளையும் சாக்குகளையும் எண்ணி அடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை. அவள் நீட்டி நிமிர்ந்தால் பல்பு தலையில் இடிக்கும். போய் உட்கார்ந்தாள். எட்டு மாதம் எண்ணினாள். அந்த எட்டு மாதத்தில் மூன்று குட்டிகளும் ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆரம்பித்தன. காலையில் ஒரு டோசரை லாரி வைத்து இழுத்துக் கிளப்பி, அதை வைத்து மற்ற இரண்டையும் இழுத்துக் கிளப்பினார்கள். ஆபரேட்டர்கள் வந்து ஸ்டோர் கம்பிக்கு வெளியே நின்று சந்தேகம் கேட்பார்கள். "நான் காம்பு எண்ணறவ. காம்பைப் பத்திக் கேளுங்க" என்பாள். சொல்லித் தரக் கூடாது என்பதல்ல அவள் எண்ணம். இருபத்துமூன்று வருடம் ஓசியில் செய்தாயிற்று, இனிமேல் பெயரோடு செய்வது என்று தீர்மானித்திருந்தாள்.

சைட் இன்ஜினியர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்தார். வந்த மூன்றாம் நாளே ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. அவரே வந்தார்.

"நாளையிலிருந்து பணிமனைக்கு வந்துடுங்கம்மா."

"எந்த வேலைக்கு சார்?"

"உங்க பழைய வேலைக்குத்தான்."

"பழைய வேலை கழுவறது. கழுவ யாரு வேணா வரலாம். மெக்கானிக்குன்னு ஆர்டர் கொண்டு வாங்க, வர்றேன்."

முதலில் வந்த ஆர்டரில் 'சிறப்பு உதவியாளர்' என்று இருந்தது. அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். மேலும் இரண்டு மாதம் காம்பு எண்ணினாள். கணவர் நடுவில் ஒரு நாள், "சிறப்புன்னுதானே போட்டிருக்கான், அதுவே பெரிசில்லையா?" என்று கேட்டார். "நீங்க சட்டை தைக்கிறீங்க. உங்களைச் சிறப்பு பட்டன் காரர்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்றாள்.

இரண்டாவது ஆர்டரில் 'மெக்கானிக், இரண்டாம் நிலை' என்று இருந்தது. அதை நாலு தடவை படித்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஸ்டோர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

பதவி ஏற்ற கையெழுத்துக்காக அலுவலகத்துக்குப் போனபோது குமாஸ்தா அவள் பணிப்பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த மெமோ இதுல இருக்கும்மா. புது சார் நல்லவர். ஒரு மனு போட்டீங்கன்னா அந்தப் பக்கத்தை எடுத்துடச் சொல்லலாம். ரிட்டயர் ஆகும்போது இதெல்லாம் கண்ணை உறுத்தும்" என்றார்.

குட்டியக்கா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். மெமோவுக்குக் கீழே அவள் எழுதிய பதில், குண்டு குண்டான எழுத்தில், ஒட்டியிருந்தது.

"இருக்கட்டும்" என்றாள். "நாளைக்கு வர்றவங்க என்னைப் பத்திப் படிக்கணும்னா இதைத்தான் முதல்ல படிக்கணும்."

பேனாவை வாங்கி, மெக்கானிக் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று குட்டிகளும் காத்துக்கிடந்த கொட்டகைக்குப் போனாள்.